இரத்தக் கல்ச்சரில் பாதிப் பெயர் போதுமா? உறவுக்கார பாக்டீரியாக்களின் வீரியம் பற்றி ஒரு கேள்வி

நிலா_நுண்ணோக்கி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பாட்டிலில் வைத்துப் பார்ப்பது) பென்ச்சில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஒரு விஷயம் நேற்றிலிருந்து மனசை அரிக்கிறது.

ஒரு நோயாளியின் இரண்டு செட் பாட்டில்களிலும் வளர்ச்சி வந்தது. கிராம் சாயத்தில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னச் சங்கிலிகள். கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்கும் மால்டி-டாஃப் கருவி 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் குரூப்' என்பதோடு நின்றுகொண்டது. துணையினம் வரைக்கும் பார்க்கட்டுமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "பென்சிலினுக்குக் கேட்கிறது இல்லையா, குரூப் பெயர் போதும், அனுப்பிவிடு" என்றார். மருந்து ஒன்றுதான் என்றால் பெயரை இன்னும் நறுக்கி என்ன ஆகப்போகிறது என்பது அவர் நியாயம். நானும் அனுப்பிவிட்டேன்.

ஆனால் இதே வார்டிலிருந்து ஸ்டெஃப் (ஸ்டெஃபைலோகாக்கஸ்) வந்தால், ஆரியஸா எபிடெர்மிடிஸா என்று கேட்டு அரை மணிக்கு ஒரு போன் வருகிறது. ஒரே பேரினத்தில் ஒன்று ஆளைக் கொல்கிறது, இன்னொன்று தோலில் சும்மா குடியிருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எந்த இடத்தில் முழுப்பெயர் தேவை, எந்த இடத்தில் குரூப் பெயரே போதும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பென்ச் எழுதியது:

நிலாம்மா, நல்ல கேள்வி. நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஸ்டெஃபில் இருந்தே தொடங்குகிறேன். சீழில் திராட்சைக் குலை மாதிரி கூடியிருக்கும் உருண்டைகளைப் பார்த்து, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1882-ல் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். இரண்டே வருடத்தில், 1884-ல், ரோசன்பாக் அதைக் காலனியின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். பொன்னிறம் ஆரியஸ், வெள்ளை ஆல்பஸ். அந்த வெள்ளையைத்தான் இன்றைக்கு எபிடெர்மிடிஸ் என்கிறோம். அன்றைக்கு அது வெறும் அடையாளம். அந்தப் பொன்னிறமே ஒரு கவசம் என்பது 2005-ல்தான் தெரிந்தது. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி, ஆக்ஸிஜன் சார்ந்த வேதிப்பொருட்களால் சுட்டு எரிக்கின்றன அல்லவா? அந்தச் சூட்டை ஆரியஸின் நிறமி உறிஞ்சிக்கொள்கிறது. நிறமி நீக்கப்பட்ட ஆரியஸை வெள்ளையணுக்கள் சுலபமாகக் கொன்றுவிடுகின்றன.

அப்புறம் கோஆகுலேஸ். நம் இரத்தம் உறைவதற்கு இருக்கும் புரோத்ராம்பினையே இந்தக் கிருமி பிடித்துக்கொண்டு, ஃபைப்ரின் வலையைத் தன்னைச் சுற்றி நெய்துகொள்கிறது. நம் நூலை எடுத்து நம் காவலர் கண்ணுக்கு மறைப்புக் கட்டிக்கொள்கிற வேலை. புரோட்டீன் ஏ என்று ஒன்று, ஆன்டிபாடியைத் தலைகீழாகப் பிடித்துவிடுகிறது. ஆல்ஃபா நச்சு நம் செல்லின் மேல்சவ்வில் ஓட்டை போடுகிறது. எபிடெர்மிடிஸிடம் இந்த ஆயுதங்கள் இல்லை. அதனிடம் இருப்பது ஒட்டிக்கொள்ளும் திறமை மட்டும்.

அதனால்தான் ஆரியஸ் ஒரே பாட்டிலில் வந்தாலும் யாரும் அதை அசுத்தம் என்று ஒதுக்குவதில்லை. இரத்தத்தில் ஆரியஸ் வந்தவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் இறக்கிறார்கள், மருந்து கொடுத்தும்.

மரபணு_வாசகன் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிலா, உங்கள் மேலதிகாரி இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாக நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்துக்குக் கேட்பது வேறு, வீரியம், அதாவது நோய் உண்டாக்கும் திறன், வேறு. பென்சிலினில் உடனே சாகிற கிருமி கூட ஆளைச் சாய்க்கும். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி, நல்ல ஆரோக்கியமுள்ள உடம்பில் ஒன்றும் செய்யாமல் போகலாம்.

என்டெரோகாக்கஸ் இதற்குப் பொருத்தமான ஜோடி. ஃபீசியம் என்பதுதான் வான்கோமைசினுக்கு மசியாமல் எல்லோரையும் மிரட்டுவது. ஆனால் இதய வால்வில் குடியேறுவதில் அதன் உறவினரான ஃபீகாலிஸ்தான் முன்னால் நிற்கிறது, அது பெரும்பாலும் சாதாரண ஆம்பிசிலினுக்கே கேட்கும். மருந்துப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஃபீசியம் பயங்கரமாகத் தெரியும், ஃபீகாலிஸ் சாது மாதிரித் தெரியும். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுக்க வேண்டிய அவசியம் எந்தப் பெயரில் அதிகம் என்று பாருங்கள், வரிசை மாறிவிடும்.

வார்டு_மருத்துவர் எழுதியது:

தொற்றுநோய் மருத்துவத்தில் இருக்கிறேன். நிலா, நீங்கள் கேட்டது என் அன்றாட வேலை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், போவிஸ் குரூப் என்றதோடு நிறுத்துவது எனக்குப் போதாது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தில் வீரியம் என்பது ஒரே ஏணி இல்லை, இதை நான் கற்றுக்கொள்ளவே பல வருடம் ஆனது. பயோஜெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கால் வலி என்று வந்தவர் இரவில் அதிர்ச்சி நிலையில் ஐசியுவில் இருப்பார். அவ்வளவு வேகம். ஆனால் அதே பயோஜெனிஸ் இதய வால்வில் உட்காருவது அபூர்வம். நிமோனியேயும் அப்படித்தான். இன்னொரு பக்கம் மியூட்டன்ஸ், பல் சொத்தைக்குப் பேர்போனது. இரத்தத்தில் வந்தாலும் ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், லேசான காய்ச்சல், உடல் மெலிவு, வியர்வை. டென்மார்க்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இரத்தத் தொற்றுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். நிமோனியே, பயோஜெனிஸ் வந்தவர்களில் வால்வுத் தொற்று இருந்தது நூற்றுக்கு ஓரிருவரிடம். மியூட்டன்ஸ் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம். கோர்டோனியும் அதற்குப் பக்கத்தில்தான். ஒரே பேரினம், ஒரே நிறச் சங்கிலி, வேறுபாடு இத்தனை மடங்கு.

காரணம் ஒட்டும் முறை. வாயில் வாழும் இனங்கள் பல்லின் மேல் வழுக்காமல் நிற்பதற்காகப் பசைபோன்ற சர்க்கரைச் சங்கிலியையும் ஒட்டுப் புரதங்களையும் வைத்திருக்கின்றன. அதே பசை, கொஞ்சம் காயப்பட்ட வால்வின் மேலும், அங்கே திரண்ட தட்டணுக்களின் மேலும் வேலை செய்கிறது. பல்லுக்காகச் செய்த ஆயுதம் இதயத்தில் பயன்படுகிறது.

2023-ல் எண்டோகார்டைட்டிஸ் எனும் வால்வுத் தொற்றைக் கண்டறிய உதவும் டியூக் அளவுகோலைத் திருத்தியபோது, நிமோனியே, பயோஜெனிஸ் இரண்டையும் தவிர மற்ற எல்லா ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் 'வால்வைத் தேடும் கிருமி' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஐயா குறிப்பிட்ட ஸ்டெஃப் குடும்பத்தில் லக்டுனென்சிஸ் என்று ஒன்று உண்டே, அதுவும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது.

இப்போது உங்கள் போவிஸ் குரூப். அதற்குள் முக்கியமாக இரண்டு துணையினங்கள். கேலோலிட்டிகஸ், பாஸ்டூரியானஸ். 1951-லேயே இந்தக் குரூப் கிருமியால் வால்வு கெட்ட ஒரு நோயாளிக்குப் பெருங்குடலில் புற்று இருந்ததை எழுதி வைத்தார்கள். 1977-ல் பெருங்குடல் புற்று உள்ளவர்களின் மலத்தில் இந்தக் கிருமி அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். பிறகு குரூப்பைப் பிரித்துப் பார்த்தபோது, வால்வோடும் பெருங்குடல் கட்டியோடும் இறுக்கமாகச் சேர்ந்திருந்தது கேலோலிட்டிகஸ். பாஸ்டூரியானஸ் அவ்வளவாக இல்லை. அது பச்சிளம் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலிலும் பித்தப்பைத் தொற்றிலும் அடிக்கடி தலைகாட்டும்.

கேலோலிட்டிகஸ் என்று நீங்கள் எழுதினால், நான் பென்சிலின் கொடுப்பதோடு நிற்க மாட்டேன். எக்கோவும் கொலோனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) போட்டே தீருவேன். குரூப் பெயர் மட்டும் வந்தால், வேலை நெருக்கடியில் இருக்கும் ஒரு மருத்துவர் மருந்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கட்டி இன்னும் ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் வளரும். தயவுசெய்து துணையினத்தைப் பாருங்கள்.

நிலா_நுண்ணோக்கி எழுதியது:

மேடம், இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. தட்டு இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது. நாளைக் காலையில் முதல் வேலை இதுதான். மேனிட்டால் என்ற சர்க்கரைப் பொருள், பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற நொதி இரண்டையும் வைத்துப் பார்க்கலாமா?

பழைய_பென்ச் எழுதியது:

பார்க்கலாம். கேலோலிட்டிகஸ் மேனிட்டாலைப் புளிக்க வைக்கும், குளுகுரோனிடேஸ் இருக்காது. பாஸ்டூரியானஸ் நேர் எதிர். சந்தேகம் இருந்தால் மரபணு வரிசைக்கு அனுப்பு. ஆனால் அதுவரைக்கும் காத்திருக்காதே. இன்றைக்கே வார்டுக்குப் போன் செய்து "துணையினம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிடு.

பொது_மருத்துவர் எழுதியது:

எல்லோரும் சொல்வது சரி. இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன், வாதத்துக்காக இல்லை, உண்மையாகவே எனக்குள்ள கவலை இது.

பெயரைப் பார்த்துப் பயப்படுவதும் பெயரைப் பார்த்து நிம்மதியாவதும் ஒரே அளவு ஆபத்து. ஈ.கோலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகளாக அதன் வீரிய மரபணுக்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எலியில் ஊசி போட்டால், பட்டியல் நீளமாக உள்ள வகை எலியைக் கொல்கிறது. சரி. ஆனால் பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் ஈ.கோலை இரத்தத் தொற்றை ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதை அதிகம் தீர்மானித்தது நோயாளியின் வயதும் கூடவே இருந்த நோய்களும் கிருமி உள்ளே நுழைந்த வாசலும்தான். சிறுநீர்ப் பாதை வழியாக வந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கிருமியின் மரபணுப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. வாயில் சாதுவாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ். நிமோனியேவுக்கு அவ்வளவு நெருங்கிய சொந்தம், கருவியே இரண்டையும் குழப்பும். நிமோனியேவின் கெட்டியான உறை இல்லாததால் அதைச் சாது என்கிறோம். ஆனால் புற்றுநோய் மருந்தால் வெள்ளையணுக்கள் தரைமட்டமான நோயாளியின் இரத்தத்தில் இதே மைட்டிஸ் புகுந்தால், இரண்டு மூன்று நாளில் நுரையீரல் தண்ணீராகி, இரத்த அழுத்தம் விழுந்து, ஆள் வென்டிலேட்டரில் இருப்பார். சாது என்ற சொல் யாருடைய உடம்பில் என்பதைப் பொறுத்தது.

ஐசியு_செவிலி எழுதியது:

பொது_மருத்துவர் அண்ணா சொன்னதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். எபிடெர்மிடிஸ் ஒன்றும் செய்யாது என்று இங்கே எழுதியிருந்ததைப் படித்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. செயற்கை வால்வோ, கழுத்தில் சென்ட்ரல் லைனோ, பேஸ்மேக்கரோ இருந்தால் அந்தச் சாது ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். மருந்து மேலே ஓடும், உள்ளே இறங்காது. லைனை எடுக்காமல் காய்ச்சல் இறங்காது.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தோலை ஒழுங்காகத் துடைத்து, மருந்து உலரும்வரை காத்திருந்து, இரண்டு வேறு இடத்தில் குத்தி எடுத்தால்தான் உங்கள் பெயருக்கு அர்த்தம். பெரியவர்களின் ஒரு மில்லி இரத்தத்தில் பல நேரம் ஓரிரு கிருமிகள்தான் இருக்கும். அதனால் ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி வேண்டும். மூன்று மில்லி எடுத்து அனுப்பிவிட்டு, 'வளர்ச்சி இல்லை' என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவது எங்கள் பக்கத்துத் தவறு. ஒரே செட் எடுத்து அனுப்பினால், அதில் வளர்ந்த எபிடெர்மிடிஸ் தோலா இரத்தமா என்று நீங்களும் சொல்ல முடியாது, நாங்களும் சொல்ல முடியாது.

பழைய_பென்ச் எழுதியது:

செவிலித் தங்கை சொன்னது நூற்றுக்கு நூறு. நான்தான் அவசரத்தில் பாதி எழுதிவிட்டேன்.

மேடம் லக்டுனென்சிஸ் என்று ஒரு பெயர் சொன்னார்களே. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். நிலாம்மாவின் கேள்வியைப் படித்தபின் மறைப்பது சரியில்லை.

மால்டி-டாஃப் எல்லாம் வருவதற்கு முன்பு. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு இளைஞருக்கு இரண்டு செட்டிலும் ஸ்டெஃப் வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி பிளாஸ்மாவை விட்டு, காலனியைக் குழைத்தேன். பத்து விநாடிக்குள் பால் திரிந்தது மாதிரி வெள்ளைத் திரிகளாகக் கூடிவிட்டது. சரி, ஆரியஸ் என்று நினைத்துக் குழாய்ப் பரிசோதனையும் வைத்தேன். நாலு மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தால் பிளாஸ்மா தண்ணீராக ஓடுகிறது. மறுநாள் காலையிலும் அப்படியே. குழாய்தான் இறுதி என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 'கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃப்' என்று எழுதி அனுப்பினேன். தகடு ஏன் கூடியது, குழாய் ஏன் உறையவில்லை என்று அந்த முரண்பாட்டை ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. தோல் கிருமி என்று வார்டில் முடிவு செய்து, காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எட்டாவது நாள் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார். அயோர்ட்டா வால்வு கிழிந்து, அதன் அடியில் சீழ்க்கட்டி. பிறந்ததிலிருந்து எந்தக் குறையும் இல்லாத வால்வு அது. உறைய வைத்திருந்த கிருமியை எடுத்து இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். லக்டுனென்சிஸ் என்று பதில் வந்தது. தகட்டில் கூடுவதற்கான ஒட்டுப் புரதம் அதனிடம் இருக்கிறது, குழாயில் உறைய வைக்கும் கோஆகுலேஸ் இல்லை. நான் பார்த்த முரண்பாடுதான் அதன் கையெழுத்து. ஆர்னிதைன் பரிசோதனை ஒன்று போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அவர் பிழைத்தார். செயற்கை வால்வோடு. அவருக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அந்தக் கிருமி சாதாரணப் பென்சிலினுக்கே கேட்டது என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. முதல் நாளே பெயர் தெரிந்திருந்தால் எக்கோ எடுத்திருப்பார்கள், மருந்து வாரக்கணக்கில் போயிருக்கும்.

மரபணு_வாசகன் எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. இந்தக் கிருமிக்கு 1988-ல்தான் தனிப்பெயரே வந்தது. பிரான்சின் லியோன் நகரத்தின் பழைய லத்தீன் பெயரான லுக்டுனும் என்பதிலிருந்து. அதற்கு முன்னால் எத்தனை பேருக்கு 'தோல் கிருமி' என்று எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் மட்டும் சுமக்க வேண்டிய பாரம் இல்லை ஐயா.

இதே கிருமி மூக்கில் இருந்தால் ஆரியஸை விரட்டும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 2016-ல் ஜெர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லக்டுனின் என்று பெயர் வைத்தார்கள். மூக்கில் துணை, வால்வில் எமன். அதனால் இடத்தைச் சொல்லாமல் ஒரு கிருமியை நல்லது, கெட்டது என்று என்னால் பிரிக்க முடிவதில்லை.

அம்மாவின்_மகன் எழுதியது:

வணக்கம். நான் மருத்துவத் துறை இல்லை. தேடும்போது இந்த இழை வந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஐந்து நாளாகக் காய்ச்சல், ஸ்கேனில் கல்லீரலில் சீழ்க்கட்டி என்றார்கள். இரத்தக் கல்ச்சரில் 'கிளெப்சியெல்லா நிமோனியே' என்று வந்திருக்கிறது. எல்லா மருந்துக்கும் கேட்கிறது, சாதாரணக் கிருமிதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். மருந்து ஏறுகிறது, காய்ச்சலும் குறைந்திருக்கிறது. நேற்று மாலையிலிருந்து இடது கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார், கொஞ்சம் சிவந்தும் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கண்ணாடி மாற்ற வேண்டும் போல. இங்கே பேசுவதைப் பார்த்தால், எல்லா மருந்துக்கும் கேட்கிறது என்பதாலேயே நிம்மதியாக இருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது. சரியா?

வார்டு_மருத்துவர் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். இந்த நிமிடமே பணியில் இருக்கும் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்: "கிளெப்சியெல்லா கல்லீரல் சீழ்க்கட்டி, கண் மங்கல், கண்ணுக்குள் தொற்று இருக்கிறதா என்று கண் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்." இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காலை வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கிருமியின் ஒரு வகை கல்லீரலிலிருந்து இரத்தம் வழியாகக் கண்ணுக்குப் போகும். கண்ணுக்குள்ளேயே ஊசி மருந்து போட வேண்டியிருக்கலாம், அதில் மணிக்கணக்குத் தாமதமும் பார்வையைக் குறைக்கும். இது கண்ணாடி விஷயம் இல்லை.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல முடியாது. பார்க்காமல் விடக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

அம்மாவின்_மகன் எழுதியது:

போகிறேன் டாக்டர்.

மரபணு_வாசகன் எழுதியது:

நல்லபடியாக இருக்க வேண்டும். அவர் திரும்ப வரும்வரை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

கிளெப்சியெல்லா நிமோனியே என்றால் பெரும்பாலோர் மனதில் வருவது ஐசியுவில் எந்த மருந்துக்கும் மசியாத வகை. அது பலவீனமானவரைத் தேடிப் பிடிப்பது. இன்னொரு கிளை உண்டு. 1986-ல் தைவானில் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள், கல்லீரல் சீழ்க்கட்டியும் கண் தொற்றும் சேர்ந்து வந்தவர்கள். நடமாடிக்கொண்டிருந்தவர்களைத் தாக்கும் வகை இது. சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம். இதைத்தான் மிகைவீரியக் கிளெப்சியெல்லா என்கிறோம். பெரும்பாலும் கே1, கே2 என்ற உறை வகைகள்.

இரண்டுக்கும் ஒரே இனப்பெயர் என்பதைக் கவனியுங்கள். முழு இனப்பெயர் எழுதினாலும் இங்கே வேறுபாடு தெரியாது. வேறுபாடு இருப்பது ஒரு பெரிய பிளாஸ்மிட்டில், அதாவது கிருமிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் தனி மரபணு வளையத்தில். அதில் உறையைத் தடிமனாக்கும் ஆர்எம்பிஏ மரபணுவும், ஏரோபாக்டின் என்ற இரும்பு பிடிக்கும் பொருளுக்கான மரபணுக்களும் இருக்கின்றன. இரும்பு இல்லாமல் பாக்டீரியா பெருகாது, நம் உடம்பு இரும்பைப் பூட்டி வைக்கிறது. சாதாரணக் கிளெப்சியெல்லாவிடம் இருக்கும் சாவியை நம் உடம்பின் ஒரு புரதம் பறித்துவிடும். ஏரோபாக்டினை அதனால் பறிக்க முடியாது. மிகைவீரியத்துக்கு முதல் காரணமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

மிகைவீரிய வகை பழைய நாட்களில் ஆம்பிசிலின் தவிர கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் கேட்டது. அதுவே சிலரை ஏமாற்றியது. இப்போது அந்த ஆறுதலும் போய்க்கொண்டிருக்கிறது. 2016-ல் சீனாவின் ஹாங்சௌ நகரில், ஒரு ஐசியுவில் கார்பபெனெம் என்ற வலுவான மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா இந்தப் பிளாஸ்மிட்டையும் வாங்கிக்கொண்டு வந்தது. தொற்றிய ஐந்து பேரும் இறந்தார்கள்.

நிலா_நுண்ணோக்கி எழுதியது:

மிகைவீரிய வகையின் காலனி நூலாக நீளுமா என்று பார்க்கும் நூல் பரிசோதனையைப் பாடத்தில் படித்தேன், செய்து பார்த்ததில்லை. இன்று காலை ஒரு கிளெப்சியெல்லா தட்டு இருந்தது, செய்தேன். காலனியின் மேல் லூப்பைத் தொட்டு மெதுவாக மேலே தூக்கினேன். ஒரு கண்ணாடி இழை மாதிரி கூடவே எழுந்தது. அளவுகோலில் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டியும் அறுபடவில்லை, ஒரு விரற்கடை நீளம் வந்தபிறகுதான் தொய்ந்து விழுந்தது. பக்கத்துத் தட்டில் இருந்த இன்னொரு கிளெப்சியெல்லா தொட்டதும் பட்டென்று விட்டுவிட்டது. கருவி இரண்டுக்கும் ஒரே பெயர்தான் கொடுத்திருந்தது. வார்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

மரபணு_வாசகன் எழுதியது:

நன்றாகச் செய்தீர்கள். ஒரு எச்சரிக்கை: நூல் நீளாவிட்டால் மிகைவீரியம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நூல் நீளாத மிகைவீரிய வகைகளும் உண்டு, நீண்டும் சாதாரணமாக இருப்பவையும் உண்டு. ஏரோபாக்டின் மரபணுவைத் தேடும் சோதனை இதைவிட நம்பகமானது.

கிளெப்சியெல்லாவில் இன்னொரு சங்கதி. வேரிகோலா என்ற உறவினம், 2004-ல் தாவரங்களிலிருந்து பிரித்துப் பெயர் வைத்தது. ஆய்வகங்கள் இதை நெடுங்காலம் நிமோனியே என்றே எழுதிவந்தன. ஸ்டாக்ஹோமில் இரத்தத்திலிருந்து எடுத்த மாதிரிகளை மரபணு வழியாகப் பிரித்தபோது, கணிசமானவை வேரிகோலா. அந்த நோயாளிகளில் இறப்பும் நிமோனியேவைவிடக் கூடுதலாக இருந்தது. 2014-ல் வந்த ஆய்வு இது. பின்னால் வேறு இடங்களில் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரி என்றும் முடிவுகள் வந்தன. என் கருத்து, பெயரைப் பிரித்து எழுதத் தொடங்கினால்தான் இந்தக் கேள்விக்கே பதில் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கொட்டிவைத்தால் யாரும் எண்ண முடியாது.

பொது_மருத்துவர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அசினெட்டோபாக்டரிலும் இதே சிக்கல். பாமனி, நோசோகோமியாலிஸ், பிட்டி மூன்றையும் ஒரே கூட்டுப் பெயரில் எழுதுகிறோம். பிரித்துப் பார்த்தால் பாமனியில் இறப்பு அதிகம். ஆனால் அதில் எவ்வளவு கிருமியின் வீரியம், எவ்வளவு முதல் நாள் கொடுத்த மருந்து வேலை செய்யாததால் என்று பிரிப்பது கடினம், ஏனென்றால் மருந்தெதிர்ப்பும் பாமனியிடம்தான் அதிகம்.

எனக்கு நேரடியாக மனதில் நிற்பது பர்கோல்டேரியா. சூடோமலேய் மெலியோய்டோசிஸ் என்ற கொடிய தொற்றைக் கொண்டுவருவது. அதன் சகோதரம் தாய்லாண்டென்சிஸ் அதே மண்ணில், அதே நீரில் வாழ்கிறது, 1998-ல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. விலங்குகளில் பார்த்தால் வீரியத்தில் இரண்டுக்கும் லட்சம் மடங்கு வேறுபாடு. தாய்லாண்டென்சிஸ் அராபினோஸ் சர்க்கரையைச் சாப்பிடும், சூடோமலேய் சாப்பிடாது. அந்தச் சர்க்கரையைச் சாப்பிடும் மரபணுக்களைச் சூடோமலேய்க்குள் வைத்தபோது, அதன் வீரியக் கருவிகளில் சில அடங்கிப்போயின. ஒரு திறமையை இழந்ததால் கொடியதாகியிருக்கிறது.

நிலா, கொலிஸ்டினுக்கும் ஜென்டாமைசினுக்கும் மசியாமல், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கேட்கும் ஒரு கிராம் நெகட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதா பிடிக்காத) கிருமி வந்தால், சூடோமோனாஸ் என்று தள்ளிவிடாதீர்கள். தட்டை முகர்ந்து பார்க்கவும் கூடாது. மூடி, பாதுகாப்பு அறைக்குக் கொண்டுபோங்கள்.

மரபணு_வாசகன் எழுதியது:

இழந்ததால் கொடியது என்பதற்குப் பெரிய சாட்சி பிளேக் கிருமி. யெர்சினியா பெஸ்டிஸ், வயிற்றுவலி தரும் சூடோட்யூபர்குலோசிஸிலிருந்து சில ஆயிரம் வருடங்களுக்கு முன் பிரிந்தது. இரண்டு பிளாஸ்மிட்டுகளை வாங்கிக்கொண்டது, யூரியேஸ் என்ற நொதியை இழந்தது. யூரியேஸ் தெள்ளுப்பூச்சிக்கு விஷம். அது போனதும் பூச்சி சாகாமல் கிருமியைச் சுமக்க முடிந்தது.

அம்மாவின்_மகன் எழுதியது:

டாக்டர், இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. அன்று இரவே கண் மருத்துவரை வரவழைத்தார்கள். கண்ணுக்குள் சீழ் தொடங்கியிருந்தது. உடனே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், மறுநாளும் ஒன்று. கல்லீரல் சீழைக் குழாய் வைத்து எடுக்கிறார்கள். இன்று காலை அம்மாவின் முகத்துக்கு முன்னால் விரல்களைக் காட்டினேன். மூன்று என்று சரியாகச் சொன்னார். இன்னும் மங்கல்தான், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வார்டு_மருத்துவர் எழுதியது:

மூன்று விரல் என்று சொன்னாரா! ரொம்பச் சந்தோஷம் தம்பி. இன்னொரு கண்ணையும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். தலைவலியோ குழப்பமோ வந்தால் உடனே சொல்லுங்கள், இந்த வகை மூளைக்கும் போகும். நரம்பு வழி மருந்து வாரக்கணக்கில் தேவைப்படும், நடுவில் நிறுத்த விட்டுவிடாதீர்கள்.

நிலா_நுண்ணோக்கி எழுதியது:

மேனிட்டால் குழாய் மஞ்சளாகிவிட்டது. குளுகுரோனிடேஸ் இல்லை. மரபணு வரிசையும் வந்துவிட்டது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ், துணையினம் கேலோலிட்டிகஸ்.

திருத்திய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். முழுவதும் படித்தார். "இதற்குக் கீழே ஒரு வரி எழுது" என்று அவரே சொன்னார். எக்கோவும் பெருங்குடல் பரிசோதனையும் பரிசீலிக்கவும் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். எக்கோ நேற்று முடிந்தது, வால்வு சுத்தம். கொலோனோஸ்கோப்பி வியாழக்கிழமை.

பழைய_பென்ச் எழுதியது:

வியாழக்கிழமை முடிந்ததும் எழுதும்மா. காத்திருக்கிறேன்.